வேக ரேடியோ வெடிப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

"360 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து மர்ம ரேடியோ சிக்னல்" என்ற மாதிரி தலைப்புச் செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்த 360 கோடி என்ற எண் எப்படிக் கிடைத்தது என்று மட்டும் எந்தச் செய்தியும் சொல்லாது. அந்தச் சிக்னல்தான் வேக ரேடியோ வெடிப்பு: சில மில்லிநொடியில் வந்து மறைந்துவிடும் ஒரு துடிப்பு, பெரும்பாலும் திரும்ப வருவதே இல்லை. அது எந்தக் கேலக்ஸியிலிருந்து வந்தது என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்? அதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கல்லூரி முதலாண்டு இயற்பியல், ஒரு மடிக்கணினி, இணைய வசதி இருந்தால் போதும். டிஷ் ஆண்டெனா எதுவும் வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுக்க பிழைவட்டத்தைச் சுருக்கும் வேலை. வெடிப்பு வானத்தில் இந்த வட்டத்துக்குள் எங்கோ நடந்தது என்பது வரைதான் கருவி சொல்லும். வட்டத்துக்குள் ஆயிரம் கேலக்ஸிகள் இருந்தால் உங்களிடம் பதில் இல்லை என்று அர்த்தம். ஒன்றே ஒன்று இருந்தால் இருக்கிறது.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

வேக ரேடியோ வெடிப்பை எல்லோரும் எஃப்.ஆர்.பி. (ஃபாஸ்ட் ரேடியோ பர்ஸ்ட்) என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பெயரில் இருக்கும் எண் அது பதிவான தேதி. எஃப்.ஆர்.பி. 20180924பி என்றால் 2018 செப்டம்பர் 24 அன்று பதிவானது. ஒரே நாளில் பல வந்தால் பிரித்துக் காட்டத்தான் கடைசி எழுத்து. பழைய கட்டுரைகளில் இதையே 180924 என்று சுருக்கி எழுதியிருப்பார்கள்.

முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 2001 ஜூலை 24 அன்று வந்த வெடிப்பு. ஆனால் அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியின் பழைய பதிவுகளைத் துழாவியபோது டங்கன் லோரிமர் குழு அதைக் கண்டெடுத்து 2007-இல் வெளியிட்டது. இன்று நிலைமை வேறு. கனடாவின் சைம் தொலைநோக்கி 2021-இல் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே 536 வெடிப்புகள் இருந்தன. பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அந்த 536-இல் பெரும்பாலானவற்றுக்கு எந்தக் கேலக்ஸி என்று தெரியாது. காரணம் போகப் போகத் தெரியும்.

வானத்திலிருந்துதான் வந்ததா?

ஒவ்வொரு வெடிப்புக்கும் "வாட்டர்ஃபால்" என்று ஒரு படம் போடுவார்கள். குறுக்கே நேரம், நெடுக்கே அலைவெண். உண்மையான எஃப்.ஆர்.பி. என்றால் அதில் ஒரு வளைந்த கோடு தெரியும்: உயர் அலைவெண் முதலில், தாழ்ந்த அலைவெண் பின்னால். வழியில் இருக்கும் எலக்ட்ரான்கள் தாழ்ந்த அலைவெண்களை அதிகம் தாமதப்படுத்துவதால் இது நிகழ்கிறது. எத்தனை எலக்ட்ரான்களைக் கடந்து வந்தது என்பதற்கான அளவுதான் டி.எம். (டிஸ்பெர்ஷன் மெஷர்). அதன் அலகு, ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையைப் பார்செக்கால் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) பெருக்கியது. சூத்திரம் எளிது:

தாமதம் (மில்லிநொடி) = 4.15 × டி.எம். × (1/கீழ் அலைவெண்ணின் வர்க்கம் − 1/மேல் அலைவெண்ணின் வர்க்கம்)

அலைவெண்ணை கிகாஹெர்ட்ஸில் போட வேண்டும். டி.எம். 500 என்றால் 1.5 கிகாஹெர்ட்ஸுக்கும் 1.2 கிகாஹெர்ட்ஸுக்கும் இடையே அரை நொடி வித்தியாசம் வரும். சைம் வேலை செய்யும் 800 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் அதே வெடிப்பு கிட்டத்தட்ட 9.7 நொடி இழுபடும். ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

வளைவு இருந்தாலே வானத்துச் சமாசாரம் என்று நம்பிவிடக் கூடாது. பார்க்ஸில் பல ஆண்டுகளாக இதே மாதிரி வளைவோடு சில சிக்னல்கள் வந்துகொண்டிருந்தன. "பெரிட்டான்" என்று அவற்றுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். 2015-இல் எமிலி பெட்ராஃப் குழு துருவிப் பார்த்ததில், ஆய்வகத்து மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடியும் முன்னே யாரோ அதன் கதவைத் திறந்ததால் வந்தவை அவை என்று தெரிந்தது! அவற்றைப் பிரித்துக் காட்டிய தடயம் என்ன தெரியுமா? பார்க்ஸின் கருவியில் 13 கற்றைகள் உண்டு, ஒவ்வொன்றும் வானத்தில் வேறு வேறு இடத்தைப் பார்க்கும். வானத்து மூலம் ஒன்றிலோ அடுத்தடுத்த இரண்டு மூன்றிலோதான் தெரியும். பெரிட்டான்கள் பதின்மூன்றிலும் ஒரே நேரத்தில் தெரிந்தன. ஆகவே ஓர் எஃப்.ஆர்.பி. அறிவிப்பைப் படிக்கும்போது எத்தனை கற்றைகளில் பதிவானது என்று முதலில் தேடுங்கள்.

டி.எம். வைத்துத் தொலைவை மதிப்பிடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

மொத்த டி.எம்.-இல் நான்கு பங்குகள் உண்டு: நம் பால்வெளியின் தட்டு, அதைச் சுற்றியுள்ள ஒளிவட்டம், கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளி, வெடிப்பு நடந்த கேலக்ஸி. பால்வெளித் தட்டின் பங்கைச் சொல்ல என்.இ.2001, ஒய்.எம்.டபிள்யூ.16 என்ற இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. வானத்தின் திசையைக் கொடுத்தால் எண்ணைக் கொடுத்துவிடும்.

20180924பி-யை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 361. பால்வெளித் தட்டுக்கு ஏறத்தாழ 40, ஒளிவட்டத்துக்கு 50 என்று கழித்தால் மிச்சம் 270. செம்பெயர்ச்சி என்பது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்ற அளவு; தொலைவு கூடக் கூட அதுவும் கூடும். கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளிக்குச் செம்பெயர்ச்சி ஒன்றுக்கு 850 முதல் 1000 வரை என்று ஒரு தோராய விகிதம் உண்டு. அதன்படி செம்பெயர்ச்சி 0.27 முதல் 0.32 வரை வருகிறது. பின்னர் கேலக்ஸியின் நிறமாலையில் அளந்த உண்மையான மதிப்பு 0.3214.

பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் வெடிப்பு நடந்த கேலக்ஸியின் சொந்தப் பங்கை நாம் கழிக்கவே இல்லை. கழித்தால் விடை இன்னும் கீழே இறங்கும். கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளியின் அடர்த்தியும் திசைக்குத் திசை மாறும். இங்கே விடை பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. பொருந்தாமல் போன கதைக்கு எஃப்.ஆர்.பி. 20190520பி-யைப் பாருங்கள். அதன் டி.எம். 1205. இதே கணக்கைப் போட்டால் செம்பெயர்ச்சி 1-ஐத் தாண்டும். உண்மையில் 0.241தான். டி.எம்.-இன் பெரும்பகுதியை அதன் சொந்தக் கேலக்ஸியே சேர்த்துவிட்டிருந்தது. ஆக, டி.எம். தருவது தோராயமான மேல் வரம்பு மட்டுமே. கேலக்ஸி தெரியாமல் "இத்தனை கோடி ஒளியாண்டு" என்று வரும் செய்தி எல்லாம் இந்த வகைதான்.

வட்டம் எவ்வளவு பெரியது?

இனிதான் முக்கியமான கட்டம். தொலைநோக்கியின் கூர்மையை அலைநீளம் வகுத்தல் அகலம் என்று மதிப்பிடலாம். பார்க்ஸ் 64 மீட்டர் அகலம். 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அதன் கற்றை சுமார் 14 வில்நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு வில்நிமிடம்), அதாவது முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி. வெடிப்பு அதற்குள் எங்கே என்று அந்த ஒரு டிஷ்ஷால் சொல்ல முடியாது.

அந்த வட்டத்துக்குள் எத்தனை கேலக்ஸிகள்? கேலக்ஸி எண்ணிக்கைக்கு வழக்கமாகப் பயன்படும் ஒரு சூத்திரத்தின்படி, 20.5 அளவொளி (எண் கூடக் கூட மங்கல்) வரை சதுர வில்நிமிடத்துக்கு ஒன்று சொச்சம், 24 வரை போனால் 17 போல. பார்க்ஸ் கற்றையின் பரப்பு சுமார் 150 சதுர வில்நிமிடம். பிரகாசமானவை மட்டுமே 180, மங்கலானவற்றையும் சேர்த்தால் இரண்டாயிரத்துக்கு மேல். தெரு தெரிகிறது, வீட்டு எண் தெரியவில்லை என்ற நிலை.

வழி ஒன்றுதான்: பல டிஷ்களைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒரே அலை ஒவ்வொன்றையும் எப்போது தொட்டது என்ற நேர வித்தியாசத்தை அளப்பது. ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3.3 மைக்ரோநொடி ஆகும். அந்த வித்தியாசத்தை அலையின் ஒரு சுற்றைவிட நுணுக்கமாக அளந்தால் திசை துல்லியமாகக் கிடைக்கும். இப்போது சூத்திரத்தில் அகலத்துக்குப் பதில் டிஷ்களுக்கு இடையிலான தூரத்தைப் போடுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப்பில் 12 மீட்டர் டிஷ்கள் 36, அதிகபட்ச இடைவெளி 6 கிலோமீட்டர். 21 சென்டிமீட்டருக்குக் கூர்மை 7 வில்நொடி (வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு ஒரு வில்நொடி). சிக்னல் வலுவாக இருந்தால் வட்டத்தின் மையத்தை அதைவிடவும் நன்றாகவே குறிக்கலாம்: கூர்மையை, சிக்னல்-இரைச்சல் விகிதத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விகிதம் 20 என்றால் 0.2 வில்நொடிக்குக் கீழே இறங்கிவிடலாம்.

இதில் ஒரு சிக்கல். திரும்ப வராத வெடிப்பை, அது வந்த பிறகு போய்த் தேட முடியாது. எல்லா டிஷ்களின் கச்சா மின்னழுத்தப் பதிவையும் எந்நேரமும் சேமித்து வைக்கவும் வட்டு இடம் போதாது. ஆஸ்காப் குழு செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு டிஷ்ஷிலும் கடைசி மூன்று நொடிப் பதிவு மட்டும் நினைவகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். புதியது வர வரப் பழையது அழியும். தேடும் கணினி ஒரு வெடிப்பைக் கண்டால் உடனே "நிறுத்து" என்று கட்டளை கொடுக்கும், அந்த மூன்று நொடியும் அப்படியே உறைந்துவிடும். 2018 செப்டம்பர் 24 அன்று இதுதான் நடந்தது. டி.எம். 361-க்கு ஆஸ்காப்பின் பட்டையில் வெடிப்பு சுமார் அரை நொடி இழுபட்டது. மூன்று நொடிக்குள் தாராளமாக அடங்கியது. திரும்ப வராத ஒரு வெடிப்புக்கு இடம் குறிக்க முடிந்தது அதுவே முதல் முறை. பிழை 0.12 வில்நொடி.

திரும்பத் திரும்ப வெடிக்கும் வகைக்கு இந்த அவசரம் இல்லை, பொறுமைதான் வேண்டும். எஃப்.ஆர்.பி. 121102 திரும்ப வரும் என்று தெரிந்ததும், 2016-இல் அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி ஆறு மாதத்தில் 83 மணி நேரம் காத்திருந்தார்கள். ஒன்பது வெடிப்புகள் சிக்கின. அதுதான் முதன்முதலில் முகவரி கிடைத்த எஃப்.ஆர்.பி. அந்த இடத்தில் இருந்தது ஒரு மங்கலான குட்டிக் கேலக்ஸி. அதன் செம்பெயர்ச்சி 0.193 என்று ஜெமினி தொலைநோக்கியால் அளந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் ஸ்ரீஹர்ஷ் தெந்துல்கர்.

சைம் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு ஏன் முகவரி இல்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். சைம் வானத்தின் பெரும் பரப்பைப் பார்க்கிறது, அதனால் நிறையப் பிடிக்கிறது. ஆனால் அது தனியாகச் சொல்லும் இடத்தில் பிழை வில்நிமிடக் கணக்கில் இருக்கும். பக்கக் கற்றையில், அதாவது முதன்மைக் கற்றைக்கு வெளியே உள்ள பலவீனமான உணர்திசையில், வந்து விழுந்தால் இடமே தப்பாகக்கூடப் போகலாம்.

படத்தில் குறித்துப் பாருங்கள்

சரி, கையால் செய்து பார்க்கலாம். உலாவியில் அலாதின் லைட் என்ற வானப்பட நிரலைத் திறந்து தேடல் பெட்டியில் இந்த ஆயத்தொலைவைக் கொடுங்கள்: 21 44 25.255 −40 54 00.10. இது 20180924பி-யின் இடம், தென்வானத்தில் கொக்கு மண்டலத்தில் இருக்கிறது. படத் தொகுப்புகளில் டார்க் எனர்ஜி சர்வே வண்ணப்படத்தைத் தேர்ந்தெடுங்கள். புலத்தின் அகலத்தை முதலில் 14 வில்நிமிடமாக வைத்து, திரையில் தெரியும் புள்ளிகளைப் பாருங்கள். ஒற்றை டிஷ் என்றால் இத்தனையும் சந்தேகப் பட்டியலில் இருந்திருக்கும். பிறகு அரை வில்நிமிடத்துக்குக் கிட்டே போங்கள். குறுக்குக்குறி ஒரு கேலக்ஸியின் மேலேயே, ஆனால் மையத்திலிருந்து சற்று விலகி நிற்கும். அந்த விலகல் 0.8 வில்நொடி. அந்தத் தொலைவில் அது சுமார் 4 கிலோபார்செக், அதாவது 13 ஆயிரம் ஒளியாண்டு. வெடிப்பு அந்தக் கேலக்ஸியின் மையக் கருந்துளையில் நடக்கவில்லை என்று சொல்ல இந்த 0.8 போதும்.

இங்கே புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று: ரேடியோ ஆயமும் ஒளிப்படத்தின் ஆயமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வெடிப்பின் இடம் 0.1 வில்நொடிக்குத் தெரிந்து, ஒளிப்படம் அரை வில்நொடி நகர்ந்திருந்தால் பயனில்லை. ஒளிப்படத்தை கையா செயற்கைக்கோளின் விண்மீன் இடங்களோடும், ரேடியோவை அதே பதிவில் தெரியும் பழக்கமான ரேடியோ மூலங்களோடும் ஒட்டவைத்துச் சரிசெய்கிறார்கள். கட்டுரைகளில் இரண்டு பிழைகள் தனித்தனியாகக் கொடுத்திருப்பது இதனால்தான்: ஒன்று இரைச்சலால் வருவது, மற்றொன்று இந்தப் பொருத்தத்தால் வருவது. இரண்டாவதைக் கொடுக்காத அறிவிப்பை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

தற்செயலாக இருக்குமோ?

குறுக்குக்குறி ஒரு கேலக்ஸி மேல் விழுந்துவிட்டது என்பதாலேயே அதுதான் வீடு என்று ஆகிவிடாது. அவ்வளவு பிரகாசமான கேலக்ஸி அவ்வளவு கிட்டத்தில் சும்மா அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட வேண்டும். ஆரத்தின் வர்க்கத்தை 3.14-ஆல் பெருக்கி, அந்தப் பிரகாசத்துக்கான கேலக்ஸி அடர்த்தியால் பெருக்கினால் போதும். கேலக்ஸியின் சொந்த அகலத்தையும் சேர்த்து நம் உதாரணத்துக்கு 2 வில்நொடி ஆரம் எடுப்போம். அந்தக் கேலக்ஸியின் பிரகாசமான 20.5 அளவொளிக்கு அடர்த்தி சதுர வில்நொடிக்கு 0.00033. விடை ஆயிரத்தில் நான்கு. ஏற்கலாம். இப்போதெல்லாம் பாத் என்ற நிகழ்தகவு நிரலைப் பயன்படுத்துகிறார்கள். சுற்றியுள்ள எல்லாக் கேலக்ஸிகளையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தரும். ஆனால் முதலில் கையால் போட்டுப் பழகுங்கள்.

இந்தப் படியில் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. 2015 ஏப்ரல் 18 அன்று பார்க்ஸ் பிடித்த ஒரு வெடிப்புக்குப் பின், அதே வட்டத்துக்குள் ஒரு ரேடியோ மூலம் ஆறு நாளில் மங்கியது. அதுதான் வெடிப்பின் மிச்ச ஒளி, கேலக்ஸியும் கிடைத்துவிட்டது என்று 2016-இல் பெரிய அறிவிப்பு வந்தது. கொஞ்ச நாளிலேயே அந்த மூலம் மறுபடி பிரகாசமானது. அது தன்பாட்டுக்கு ஏறி இறங்கும் கேலக்ஸி மையம் என்றும், வெடிப்போடு அதைச் சேர்க்கக் காரணமே இல்லை என்றும் மற்றவர்கள் காட்டினார்கள். 14 வில்நிமிட வட்டத்துக்குள் தேடினால் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டுதான் இருக்கும்.

கேலக்ஸி கிடைத்தபின்

செம்பெயர்ச்சியை ஒளியியல் தொலைநோக்கியின் நிறமாலையில் அளப்பார்கள். 20180924பி-க்கு கெக், ஜெமினி தெற்கு, வி.எல்.டி. மூன்றும் உதவின. செம்பெயர்ச்சி 0.3214 என்பதை ஒளி பயணித்த காலமாக மாற்றினால்தான் முதலில் சொன்ன 360 கோடி வரும். நீங்கள் செய்ய வேண்டியது அந்த எண்ணை ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் வானியல் நிரலில் போடுவது மட்டுமே.

அப்புறம் சுவாரசியமான கேள்வி: கேலக்ஸிக்குள் எந்த இடம்? இதற்கு 6 கிலோமீட்டர் போதாது, கண்டம் அளவு இடைவெளி வேண்டும். சைம் குழு இதற்காகவே மூன்று துணைத் தொலைநோக்கிகளை அமைத்தது: ஒன்று பக்கத்திலேயே பிரிட்டிஷ் கொலம்பியாவில், மற்றவை மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க்கிலும் கலிஃபோர்னியாவின் ஹேட் கிரீக்கிலும். 3000 கிலோமீட்டரை அரை மீட்டர் அலைநீளத்துக்கு அதே சூத்திரத்தில் போடுங்கள், 0.03 வில்நொடி கிடைக்கும். 2025 மார்ச் 16 அன்று வந்த மிகப் பிரகாசமான வெடிப்பை இப்படித்தான் பிடித்தார்கள். சப்தரிஷி மண்டலம் இருக்கும் பெருங்கரடிப் பகுதியில், 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 4141 கேலக்ஸியில், 13 பார்செக் துல்லியத்துக்கு இடம் தெரிந்தது. பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த இடத்தைக் குறிவைத்துப் பார்க்க முடிந்தது.

வெடிப்பது என்ன என்ற கேள்விக்குப் பலமான தடயம் நம் பால்வெளியிலிருந்தே வந்தது. 2020 ஏப்ரல் 28 அன்று எஸ்.ஜி.ஆர். 1935+2154 என்ற மேக்னட்டாரிலிருந்து ஒரு ரேடியோ வெடிப்பை சைமும், ஸ்டேர்2 என்ற சிறிய ஆண்டெனாக்களும் பிடித்தன; அதே கணத்தில் எக்ஸ்-கதிர் வெடிப்பும் செயற்கைக்கோள்களில் பதிவானது. மேக்னட்டார் என்பது அபார காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன். அது இளம் விண்மீன் கூட்டங்களில் பிறப்பது என்றுதான் பொதுவாக நம்புகிறோம்.

அதனால்தான் உங்கள் அடுத்த பயிற்சிக்கு எஃப்.ஆர்.பி. 20200120இ-யைச் சொல்கிறேன். அலாதினில் 09 57 54.7 +68 49 00.9 என்று கொடுங்கள். கிட்டே பார்த்தால் ஒரு மங்கலான புள்ளி மட்டும் தெரியும். புலத்தை ஒரு பாகை வரை அகலப்படுத்தினால் எம்81 என்ற பெரிய சுருள் கேலக்ஸி பக்கத்தில் வரும். அந்தப் புள்ளி எம்81-ஐச் சேர்ந்த கோளக் கொத்து, அதாவது பழைய விண்மீன்கள் மட்டுமே வாழும் கூட்டம். இளம் மேக்னட்டார் இருக்க வேண்டிய இடமே இல்லை. இந்தப் புள்ளி தற்செயலாக அங்கே அமைந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மேலே சொன்ன முறையில் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்; ஆனால் இந்த முறை கேலக்ஸி அடர்த்தியைப் போட்டால் தப்பாகிவிடும், எம்81-இன் கோளக் கொத்துகள் அந்தப் பகுதியில் எவ்வளவு அடர்த்தி என்பதைத்தான் போட வேண்டும்.